கிராங்க் ஆயில் சீல் தேய்ந்து எண்ணெய் ஒழுகினால்: பழைய மாருதி 800-இன் முன்பக்கச் சீலை மாற்றும் முறை

1983 டிசம்பரில் முதல் வண்டி வெளிவந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன மாருதி 800 இன்றும் நம் சாலைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அவற்றுள் மிக இளையதற்கே பத்து வயதுக்கு மேல் ஆகிவிட்டபடியால், எஞ்சினின் இரும்பு எவ்வளவு திடமாக இருந்தாலும் அதிலுள்ள ரப்பர் பாகங்கள் ஒவ்வொன்றாக இறுகி, வெடித்து, வேலையை நிறுத்தத் தொடங்கியிருக்கும். அப்படி முதலில் கைவிடும் பாகங்களுள் ஒன்று கிராங்க் தண்டின், அதாவது பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டின், முன்முனையில் இருக்கும் ஆயில் சீல். 796 சி.சி. கொள்ளளவுள்ள அந்த மூன்று சிலிண்டர் எஞ்சினில், கிராங்க் தண்டு எண்ணெய் பம்பின் உறையைக் கடந்து வெளியே வருகிறது. அந்த உறையின் வாயில் அழுத்திப் பொருத்தப்பட்ட, நடுவில் துளையுள்ள வளையமே இங்கே பேசப்படும் சீல். டைமிங் பெல்ட் (கிராங்க்கையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் இணைக்கும் பல்வைத்த பட்டை) உள்ள வேறு சிறிய பெட்ரோல் கார்களிலும் அமைப்பு ஏறத்தாழ இதுதான் என்பதால், போல்ட்டுகளின் அளவும் குறிகளின் இடமும் மாறினாலும் முறை பெரும்பாலும் பொருந்தும்.

சீலை மாற்றுவது அரை மணி நேர வேலை. அந்த இடத்தை அடைவதற்கு அரை நாள் ஆகும். அரை நாள் உழைத்து அடைந்த பிறகு புதிய சீலை மட்டும் அடித்துவிட்டு மூடுகிறவர்கள், பெரும்பாலும் அதே இடத்துக்கு மறுபடியும் வருவார்கள். பழைய சீல் ஏன் தேய்ந்தது என்ற கேள்விக்கு விடை தெரியாமல் புதியதைப் போடக்கூடாது என்பதே என் கட்சி. ஆகவே பின்வரும் விளக்கத்தில் கழற்றிப் பூட்டுவதைவிடப் பார்ப்பதற்கும் சோதிப்பதற்கும் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

சீல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். வெளியே ஒரு தகரக் கூடு, உள்ளே கத்தி முனைபோல் மெலிந்த ஒரு ரப்பர் உதடு, அந்த உதட்டைத் தண்டின்மேல் மெல்ல இறுக்கிப் பிடிக்க அதன் முதுகில் வளையமாக ஓடும் ஒரு மெல்லிய சுருள்வில், இவ்வளவுதான் சீல். உதடு தண்டை வறட்டுத்தனமாக உரசுவதில்லை. இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு எண்ணெய்ப் படலம் இருக்க, அதன்மேல் உதடு மிதக்கிறது. தண்டின் அந்த முனை 32 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 3,000 சுற்றில் உதட்டின் கீழே ஒவ்வொரு நொடியும் ஐந்து மீட்டர் இரும்பு ஓடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு அது 18 கிலோமீட்டர். இந்த ஓட்டத்தில் படலம் அறுந்தாலோ, எண்ணெயில் மணல் பொடி கலந்தாலோ, சூட்டில் ரப்பர் இறுகினாலோ உதடு தேய்கிறது. வியப்பு என்னவென்றால், உதடு தேய்வதோடு நில்லாமல், அதில் ஒட்டிய தூசி அரம்போல வேலை செய்து இரும்புத் தண்டையும் அறுத்துவிடுகிறது.

ஒழுகும் இடத்தை முதலில் உறுதிப்படுத்துங்கள்

எண்ணெய் சொட்டும் இடமும் எண்ணெய் கிளம்பும் இடமும் ஒன்றல்ல. வண்டி ஓடும்போது வீசும் காற்று எண்ணெயைப் பின்னோக்கியும் கீழ்நோக்கியும் தள்ளுவதால், எண்ணெய் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்பின்கீழ் தொங்கும் சொட்டு எங்கோ மேலிருந்து வந்திருக்கக்கூடும். எஞ்சினின் உச்சியை மூடும் டாப்பெட் மூடியின் பேக்கிங், கேம் தண்டின் சீல், எண்ணெய் அழுத்த சுவிட்சு, எண்ணெய் ஃபில்டர், எண்ணெய் பம்பு உறையின் பேக்கிங், சம்ப் பேக்கிங் ஆகிய ஒவ்வொன்றும் ஒழுகிக் கடைசியில் அதே இடத்தில் வந்து சேரும். இவற்றுள் டாப்பெட் மூடியின் பேக்கிங்தான் அடிக்கடி குற்றவாளியாக இருக்கும். அதை மாற்ற அரை மணி நேரம் போதும். அதைச் சோதிக்காமல் டைமிங் பெல்ட்டைக் கழற்றுவது வீண் வேலை.

ஆகவே முதல் நாள் ஸ்பேனரைத் தொடாமல், எஞ்சினைக் கழுவுங்கள். எஞ்சின் ஆறியபின் மண்ணெண்ணெய் தோய்த்த பிரஷால் முன்பகுதி முழுவதையும் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். மண்ணெண்ணெயின் ஈரமும் வாடையும் முற்றிலும் போன பிறகே எஞ்சினை இயக்க வேண்டும். உலர்ந்த பரப்பில் முகத்துக்குப் பூசும் டால்கம் பவுடரை மெல்லத் தூவிவிட்டு, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவந்து டார்ச்சு விளக்குடன் பாருங்கள். வெள்ளைப் பரப்பில் எண்ணெய் எங்கிருந்து கிளம்பிற்றோ அங்கிருந்து கரிய கோடு ஒன்று கீழே இறங்கியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலேயுள்ள ஈரமே மூலம். அதற்குக் கீழே உள்ள ஈரமெல்லாம் வழிந்தது என்று கொள்ளலாம்.

முன்பக்கக் கிராங்க் சீல் ஒழுகினால் அடையாளம் வேறுவிதமாக இருக்கும். சுழலும் புல்லி எண்ணெயைச் சுழற்றி அடிப்பதால், டைமிங் மூடியின் உட்புறத்திலும் கீழ் விளிம்பிலும் வட்டமாகத் தெளித்த கறை தெரியும். மூடியின் அடியிலுள்ள இடுக்கிலிருந்து சம்ப்பின் முன்விளிம்புக்குச் சொட்டு இறங்கும். மேலே டாப்பெட் மூடியின் ஓரம் காய்ந்தே இருக்கும். டைமிங் மூடியின் மேற்பகுதியைக் கழற்றிப் பார்க்கும்போது கேம் புல்லியின் பின்னால் ஈரம் இருந்தால், ஒழுகுவது கேம் சீல். அதுவும் கீழே வழிந்து கிராங்க் சீலின்மேல் பழி போடும். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து சொட்டினால் அது பின்பக்கச் சீல், அல்லது கியர்பாக்ஸ் சீல். விரலில் தொட்டு முகர்ந்தால் கியர் எண்ணெயின் கந்தக நெடி தனியாகத் தெரியும்.

எவ்வளவு ஒழுகுகிறது என்பதையும் குறித்துக்கொள்வது நல்லது. ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மி.லி. என்பதால், நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்று நாள் முழுதும் விழுந்தால் 70 மி.லி.க்குச் சற்றே கூடுதலாக இழப்பு ஏற்படும். தரையில் வாரத்துக்கு இரண்டு புள்ளி மட்டும் விழும் வண்டிக்கு அவசரமில்லை. டிப்ஸ்டிக்கை வாரந்தோறும் பார்த்துக்கொண்டு, அடுத்த முறை டைமிங் பெல்ட் மாற்றும்போது சீலையும் சேர்த்து மாற்றலாம். ஆனால் பெல்ட் எண்ணெயில் ஊறுவது தெரிந்துவிட்டால் தள்ளிப்போடக்கூடாது. எண்ணெய் குடித்த பெல்ட்டின் ரப்பர் ஊதி, பற்கள் பிய்ந்து, வண்டி எங்காவது பாலத்தின் நடுவில் நின்றுவிடும்.

பிரீதரைச் சோதிக்காமல் மேலே போகாதீர்கள்

இந்தப் பாடத்தை நான் காசு கொடுத்துக் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன்பு என் வண்டியில் முன்பக்கச் சீலை மாற்றினேன். ஒரு மாதம் காய்ந்து கிடந்தது, இரண்டாவது மாதம் மறுபடி கறை. சீல் டூப்ளிகேட் என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு வேறு கடையில் வாங்கிப் போட்டேன். அதுவும் அதே கதிதான். மூன்றாவது முறை கழற்றும்போது, டாப்பெட் மூடியிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் ரப்பர் குழாய் கையோடு வந்தது. அதை வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன், காற்று போகவில்லை. கத்தரித்துப் பார்த்தபோது, உள்ளே பாகு காய்ந்ததுபோல் கரிய பிசின் இருந்தது, நடுவில் ஒரு தீக்குச்சி நுழையும் துளைகூட இல்லை. கடைக்காரர்மேல் பிழையே இல்லை.

சிலிண்டரில் எரிந்த வாயுவில் ஒரு பகுதி எப்போதும் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சினின் அடிப்பகுதிக்குள் இறங்குகிறது. அது வெளியேறத்தான் பிரீதர் குழாயும், சில மாடல்களில் பி.சி.வி. வால்வும் (அந்த வாயுவை எஞ்சினின் காற்றுவழிக்குள் திருப்பிவிடும் சிறு அடைப்பான்) இருக்கின்றன. வழி அடைபட்டால் அந்த வாயு உள்ளே அழுத்தமாகச் சேர்ந்து, எங்கே இடுக்கு கிடைக்கிறதோ அங்கே எண்ணெயையும் தள்ளிக்கொண்டு வெளியேறும். கிராங்க் சீலின் உதடு உள்ளே சேரும் வாயுவின் அழுத்தத்தை அல்ல, உள்ளே தெறிக்கும் எண்ணெயைத் தடுக்க மட்டுமே அமைந்தது என்பதால் அதுவே முதலில் வழிவிடும்.

சோதனை எளிது. எஞ்சினைச் சூடாக்கி ஐடிலில் விட்டு, எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து, அந்த வாயின்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை வையுங்கள். தாள் மெல்ல உள்ளிழுக்கப்பட்டாலோ, இலேசாகத் துடித்தாலோ நலம். தாளைத் தூக்கி எறிவதுபோல் காற்றும் புகையும் வந்தால், முதலில் பிரீதர் குழாயையும் வால்வையும் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி பாருங்கள், பி.சி.வி. வால்வு இருந்தால் அதைக் காதருகே குலுக்கும்போது கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். வழியெல்லாம் திறந்த பிறகும் புகை குறையாவிட்டால் வளையங்களும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. அந்த எஞ்சினுக்குச் சீல் மாற்றுவது ஒரு தற்காலிக ஏற்பாடு என்று தெரிந்தே செய்ய வேண்டும். கசிவை நிறுத்தும் மருந்து என்று எண்ணெயில் ஊற்ற விற்கப்படும் திரவங்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அவை இறுகிய ரப்பரைச் சற்று இளக்கும்; தேய்ந்த உதட்டையும் அறுபட்ட தண்டையும் அவற்றால் சரிசெய்ய முடியாது.

வாங்க வேண்டியவை

முன்பக்கக் கிராங்க் சீலோடு கேம் சீலையும் டைமிங் பெல்ட்டையும் வாங்கிவிடுங்கள். இரண்டு சீல்களும் ஒரே வயதுடையவை; ஒன்றை மாற்றி மற்றதை விட்டுவைத்தால், அது ஆறு மாதத்தில் புதுப் பெல்ட்டை நனைக்கும். சீலின் முகத்தில் 28-40-7 என்பதுபோல் மூன்று எண்கள் பொறித்திருக்கும்: முதலாவது தண்டின் விட்டம், இரண்டாவது அது உட்காரும் துளையின் விட்டம், மூன்றாவது சீலின் கனம், மூன்றும் மில்லிமீட்டரில். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற உதிரிபாகக் கடைத்தெருவில் அளவைச் சொன்னாலே சீல் கிடைக்கும். ஆனால் அளவு ஒத்துப்போவது மட்டும் போதாது. சாதாரண நைட்ரைல் ரப்பர் 100 டிகிரி செல்சியசை ஒட்டிய சூட்டை நெடுநாள் தாங்காது. அக்ரிலிக் ரப்பர் 150 டிகிரி வரையும், விட்டான் என்று கடைக்காரர்கள் சொல்லும் ஃப்ளூரோ ரப்பர் 200 டிகிரி வரையும் தாங்கும். நைட்ரைல் கருப்பாகவும் விட்டான் பெரும்பாலும் பழுப்பாகவும் இருக்கும் என்றாலும் நிறத்தை நம்பி வாங்காமல், வண்டியின் பாக எண்ணைச் சொல்லி வாங்குவதே பாதுகாப்பு. சில சீல்களின் உதட்டில் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பச் சாய்ந்த நுண்கோடுகளும், முகத்தில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியும் இருக்கும். திசை மாறினால் அந்தக் கோடுகளே எண்ணெயை வெளியே இறைக்கும்.

கழற்றுதல்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். டைமிங் பெல்ட் இருக்கும் பக்கத்து முன்பகுதியை ஜாக்கால் தூக்கி, ஆக்சில் ஸ்டாண்டின்மேல் உட்காரவைத்த பிறகே சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டியின் அடியில் தலையை நுழைக்காதீர்கள். செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுப்பதும் கூடாது, அது சொல்லாமல் நொறுங்கும். எண்ணெயை வடிக்கத் தேவையில்லை. சீல் இருக்கும் இடம் சம்ப்பில் நிற்கும் எண்ணெயின் மட்டத்துக்கு மேலே என்பதால் நாலைந்து சொட்டுக்குமேல் வராது.

ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் சுழற்றும் ஃபேன் பெல்ட்டை இளக்கி எடுங்கள். கிராங்க் முனையின் நடு போல்ட்டை டைமிங் பெல்ட் மாட்டியிருக்கும்போதே ஒரு முறை இளக்கிவைத்துக்கொள்வது நல்லது. வண்டியை மேல் கியரில் போட்டு, ஒருவரை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொன்னால் கிராங்க் சுற்றாமல் நிற்கும். போல்ட் அசையாவிட்டால் ஸ்பேனரின்மேல் குழாய் மாட்டி நெம்பலாம். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றவிட்டுப் போல்ட்டை இளக்கும் குறுக்குவழியைச் சிலர் செய்து காட்டுவார்கள், கை முறிந்தவர்களும் அவர்களில் உண்டு. அதன்பின் புல்லியின் சிறு போல்ட்டுகளைக் கழற்றிப் புல்லியையும், பிறகு டைமிங் மூடியையும் எடுங்கள்.

இப்போது கிராங்க்கைக் கடிகார முள் திசையில் கையால் சுற்றி, கிராங்க் பக்கக் குறியும் கேம் பக்கக் குறியும் அவற்றுக்கு எதிரே உள்ள நிலைக் குறிகளுக்கு நேராக வரும்படி நிறுத்துங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் சுற்றுவது எளிது. இரண்டு குறிகளையும் கைப்பேசியில் நேரெதிரே இருந்து படம் எடுத்து, வெள்ளைப் பெயின்ட்டால் உங்கள் அடையாளத்தையும் வையுங்கள். இறுக்கிப் பிடிக்கும் உருளையான டென்ஷனரை இளக்கிப் பெல்ட்டை எடுத்தபின், கிராங்க்கையோ கேமையோ எக்காரணத்தைக் கொண்டும் சுற்றக்கூடாது. கிராங்க்கின் டைமிங் புல்லியை இரண்டு பக்கமும் மாறிமாறி மெல்ல நெம்பி வெளியே இழுங்கள். புல்லி நழுவாமல் அதைத் தண்டோடு பூட்டும் சாவித்துண்டு கீழே விழுந்து காணாமல் போகும், அதைத் தனியாக எடுத்துவையுங்கள். புல்லியோடு மெல்லிய வட்டத்தகடு இருந்தால் அது எந்தப் பக்கம் குழிந்திருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சீலை எடுக்கும் முன் அது எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அளந்து எழுதிவையுங்கள். பிறகு, சீலின் தகர முகத்தில் எதிரெதிராக இரண்டு சிறு துளைகளைக் குத்தி, அவற்றில் இரண்டு தகர ஸ்க்ரூக்களை மூன்று நான்கு மரைக்குமேல் போகாமல் முறுக்கி, கட்டிங் பிளேயரால் மாறிமாறி இழுத்தால் சீல் நேராக வெளியே வரும். ஸ்க்ரூ டிரைவரைத் தண்டுக்கும் சீலுக்கும் நடுவே நுழைத்து நெம்புவது பரவலான பழக்கம். அது வேகமானதுதான், ஆனால் ஸ்க்ரூ டிரைவர் தண்டில் இழுக்கும் ஒரு மெல்லிய கீறல், நீங்கள் போடப்போகும் புதுச் சீலை முதல் நாளே தோற்கடிக்கும்.

பழைய சீலையும் தண்டையும் படித்தல்

எடுத்த சீலைக் குப்பையில் எறியாமல், துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். உதட்டை விரல் நகத்தால் மடக்கும்போது வெயிலில் காய்ந்த எலுமிச்சைத் தோல்போல் விறைத்து, மடிப்பில் நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் அது சூட்டாலும் வயதாலும் போனது. வேறு காரணம் தேட வேண்டாம். உதடு சுற்றிலும் ஒரே அகலத்தில் தட்டையாகித் தேய்ந்திருந்தால் அதுவும் இயல்பான முதுமையே. ஒரு பக்கம் அகலமாகவும் எதிர்ப்பக்கம் மெலிதாகவும் தேய்ந்திருந்தால் தண்டு மையத்தில் ஓடவில்லை, அல்லது சீல் சாய்வாக அடிக்கப்பட்டிருந்தது. உதடு ஊதி, தொட்டால் பிசுபிசுவென்று மெத்தென்றிருந்தால், அந்த ரப்பருக்கு ஒவ்வாத ஏதோ ஒன்று எண்ணெயில் கலந்திருக்கிறது. உதட்டில் ஒரே இடத்தில் கிழிசல் இருந்தால், முன்பு மாட்டியவர் சாவிப்பள்ளத்தின் கூர்விளிம்பில் அதைக் கிழித்திருக்கிறார். பின்னாலுள்ள சுருள்வில் காணோமென்றால், மாட்டும்போது சுத்தி அடித்த அதிர்வில் அது துள்ளி விழுந்திருக்கும். அந்த வில் எண்ணெய் பம்பின் பக்கம் கிடக்கிறதா என்றும் தேட வேண்டும்.

அடுத்து தண்டு. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, உதடு ஓடிய இடத்தில் விரல் நகத்தை நீளவாக்கில் இழுங்கள். பளபளவென்று ஒரு கோடு தெரிந்தாலும் நகம் தடையின்றி வழுக்கிச் சென்றால் கவலையில்லை. நகம் அந்தக் கோட்டில் இறங்கி ஏறினால் தண்டு அறுபட்டிருக்கிறது. அந்தப் பள்ளத்தில் புதுச் சீல் உட்கார்ந்தால் உதட்டின் இறுக்கம் போதாது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. துளையில் இடமிருந்தால் புதுச் சீலை முன்பு இருந்ததைவிட ஒன்று அல்லது ஒன்றரை மி.மீ. முன்னோ பின்னோ உட்காரவைத்து, உதடு தேயாத இரும்பின்மேல் ஓடும்படி செய்யலாம். சீலுக்குப் பின்னால் எண்ணெய் திரும்பும் துளை இருந்தால் அதை மறைத்துவிடக்கூடாது. பள்ளம் ஆழமாக இருந்தால், தண்டின்மேல் மாட்டும் மெல்லிய எஃகு உறை ஒன்று உண்டு, எஸ்.கே.எஃப். நிறுவனம் ஸ்பீடி ஸ்லீவ் என்ற பெயரில் விற்பது இதில் பெயர்பெற்றது. அதன் சுவர் ஏறத்தாழ 0.28 மி.மீ. கனம்தான் என்பதால் அதே அளவுச் சீலையே போடலாம். தண்டின் விட்டத்தை மைக்ரோமீட்டரால் அளந்து அதற்கேற்ற உறையை வாங்க வேண்டும்.

இலேசான துருவையும் பர் எனப்படும் உலோகப் பிசிறையும் நீக்க 600 எண்ணுக்குக் குறையாத எமரித் தாளை எண்ணெயில் நனைத்து, தண்டைச் சுற்றி வட்டவாக்கில் மட்டும் தேய்க்கலாம். குறுக்காகவோ சாய்வாகவோ தேய்த்தால் ஏற்படும் கோடுகள் திருகாணிபோல் எண்ணெயை வெளியே இழுத்துவரும். தேய்க்கும் முன் துளையைத் துணியால் அடைத்து, தூள் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பம்பு அங்கேதான் இருக்கிறது.

கடைசியாக ஒரு சோதனை. தண்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள்; கையால் உணரும்படி ஆட்டம் இருந்தால் மெயின் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஒருவரைக் கிளட்சை மிதித்து விடச் சொல்லிவிட்டு, தண்டு முன்னும் பின்னும் நகர்வதையும் கவனியுங்கள். பெரும்பாலான சிறு எஞ்சின்களில் இந்த நகர்வு 0.1 முதல் 0.3 மி.மீ. வரைதான் இருக்க வேண்டும். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தால் அது மிகை. ஆடும் தண்டில் எந்தச் சீலும் நிற்காது.

புதியதைப் பொருத்துதல்

சீல் உட்காரும் துளையைத் துடைத்து, பழைய பசை இருந்தால் மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள். சீலின் வெளிப்புறம் ரப்பர் பூச்சுடையதாக இருந்தால் அதில் எண்ணெய் தடவினால் போதும்; வெறும் தகரமாக இருந்தால் மட்டும் மிக மெல்லிய சீலன்ட் பூசலாம், அதுவும் உதட்டின் பக்கம் வழியாத அளவில். சுருள்வில் தெரியும் பக்கம் எஞ்சினின் உள்ளே பார்க்க வேண்டும். அந்த வில்லின் பள்ளத்தில் சிறிது கிரீஸ் அப்பிவிட்டால் தட்டும்போது வில் துள்ளாது. உதட்டிலும் தண்டிலும் எஞ்சின் எண்ணெயைத் தடவுங்கள். வறண்ட உதடு முதல் சில நொடிகளிலேயே கருகும். வேறு சில புதிய கார்களில் வரும் டெஃப்லான் உதட்டுச் சீலுக்கு இது நேர்மாறு: அதற்கு எண்ணெயே படக்கூடாது, காய்ந்த சுத்தமான தண்டில்தான் மாட்ட வேண்டும்.

தண்டின் நுனியிலும் சாவிப்பள்ளத்தின்மேலும் வழவழப்பான டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி, அதன்மேல் எண்ணெய் தடவி, சீலைக் கையால் மெல்லச் சுழற்றியபடி உள்ளே நகர்த்துங்கள். உதடு உட்புறமாக மடங்காமல் இருக்கிறதா என்று டார்ச்சு அடித்துப் பார்த்தபின் டேப்பை உருவிவிடுங்கள். பிறகு, சீலின் வெளிவிட்டத்தைவிடச் சற்றே சிறிய ஒரு குழாய்த்துண்டையோ பெரிய சாக்கெட்டையோ முகத்தில் பொருத்தி, கடிகார முகத்தில் ஒன்று, ஏழு, நான்கு, பத்து மணி இருக்கும் இடங்களில் மாறிமாறிச் சிறு தட்டுகளாகத் தட்டி இறக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் முன்னேறினால் நிறுத்தி, பின்தங்கிய பக்கத்தைத் தட்டிச் சமப்படுத்த வேண்டும். நீங்கள் எழுதிவைத்த ஆழம் வந்ததும் நிறுத்துங்கள். நான்கு இடங்களில் அளக்கும்போது அளவு ஒன்றாக வரவேண்டும். கேம் சீலையும் இதே முறையில் மாற்றலாம்.

பிறகு சாவித்துண்டு, வட்டத்தகடு, டைமிங் புல்லி ஆகியவற்றைக் கழற்றியதற்கு நேர்மாறான வரிசையில் மாட்டி, குறிகள் அசையவில்லை என்று உறுதிசெய்துகொண்டு புதுப் பெல்ட்டைப் போடுங்கள். டென்ஷனர் இல்லாத பக்கத்துப் பெல்ட் தளர்வின்றி இருக்க வேண்டும். டென்ஷனரின் ஸ்பிரிங் பெல்ட்டை இழுக்கும்படி விட்டு, கிராங்க்கைக் கடிகார முள் திசையில் முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றி, குறிகள் மறுபடியும் நேர்நேராக வருகின்றனவா என்று பார்த்த பிறகே டென்ஷனரை முறுக்குங்கள். ஒரு பல் பிசகியிருந்தாலும் பெல்ட்டைக் கழற்றி மறுபடி போட வேண்டும். கிட்டத்தட்டச் சரி என்பது இங்கே கிடையாது. சுற்றும்போது எங்காவது கட்டையாக முட்டினால் பலவந்தப்படுத்தாமல் நிறுத்துங்கள். நடு போல்ட்டை உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். அது தளர்ந்தால் புல்லி ஆடி, சாவிப்பள்ளத்தையே கெடுத்துவிடும்; பிறகு கிராங்க்கையே மாற்ற வேண்டிவரும்.

டைமிங் மூடியை மாட்டும் முன் அதன் உட்புறத்தை எண்ணெய்ச் சுவடே இல்லாமல் கழுவித் துடைத்துவிடுங்கள். பழைய எண்ணெய் அங்கே ஒட்டியிருந்தால், அது சூட்டில் இளகிச் சொட்டும்போது புதுச் சீல்தான் ஒழுகுகிறது என்று ஏமாந்துபோவீர்கள். நான் ஏமாந்திருக்கிறேன்.

எல்லாம் பூட்டியபின் எண்ணெயின் மட்டத்தைப் பார்த்து, எஞ்சினை இயக்கி, முதல் பத்து நிமிடம் ஐடிலில் மட்டும் விடுங்கள். எண்ணெய் அழுத்த விளக்கு உடனே அணைய வேண்டும். அதன்பின் அரை மணி நேரம் ஓட்டிவந்து அடியில் டார்ச்சு அடித்துப் பாருங்கள். உதடு தண்டோடு பழகும் வரை ஒரு மெல்லிய ஈரக்கோடு தெரியலாம். அது திரண்டு சொட்டாகக்கூடாது.

பின்பக்கச் சீலாக இருந்தால் கியர்பாக்ஸை இறக்கி, கிளட்சையும் ஃப்ளைவீலையும் கழற்ற வேண்டும். சீலைப் படிப்பது, தண்டைச் சோதிப்பது, நேராகத் தட்டி இறக்குவது எல்லாம் அதேதான். ஆனால் கியர்பாக்ஸை ஒருவராகத் தூக்க முடியாது என்பதாலும், எண்ணெயில் நனைந்த கிளட்ச் பிளேட்டையும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதாலும், அதைக் கூரையும் தூக்கியும் உள்ள ஒரு பட்டறையில் கொடுப்பதே எனக்குச் சரியென்று படுகிறது. கொடுக்கும்போது, பழைய சீலை உங்கள் கையில் தரச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே மாற்றிய முன்பக்கச் சீலுக்கு, அன்றிரவு எஞ்சினுக்கு நேர்கீழே ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுவைத்து, காலையில் அதில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாரம் கழித்தும், பிறகு ஆயிரம் கிலோமீட்டரிலும் அதே அட்டையை மறுபடி போட்டு, தேதியை அதன் ஓரத்தில் எழுதிவையுங்கள்.